மெதுவாக நடக்கும் இருவருக்கு எந்த ட்ரெட்மில்?

கேள்வி: நான் களுவாஞ்சிகுடியில் வசிக்கும் ஓய்வுபெற்ற ஆசிரியை. எனக்கு வயது 61. சீனி வருத்தத்துக்குக் குளிசை எடுக்கிறேன். வலது முழங்காலில் தேய்வு இருக்கிறது. கணவருக்கு வயது 66, நிறை 92 கிலோ. இரண்டு வருடங்களுக்கு முன்னர் அவருக்கு இருதயக் குழாயில் ஸ்டென்ட் வைத்தார்கள். இன்சுலின் ஊசியும் போடுகிறார். தெருவில் வாகனமும் நாய்களும் அதிகம் என்பதால் நாங்கள் நடப்பது குறைந்துவிட்டது. ட்ரெட்மில் வாங்கும்படி கனடாவிலிருந்து மகன் பணம் அனுப்பியிருக்கிறார். கொழும்பில் 6 குதிரைவலு உள்ளதாகச் சொல்லப்படும் பெரிய இயந்திரம் ஒன்று, மட்டக்களப்பு நகரக் கடையில் மடித்து வைக்கக்கூடிய நடுத்தர இயந்திரம் ஒன்று, கல்முனையில் கடற்கரையோர வீடு ஒன்றில் பாவித்த இயந்திரம் ஒன்று என மூன்றைப் பார்த்து வைத்திருக்கிறோம். அவற்றின் விபரத் தாள்களை இணைத்துள்ளேன். வீட்டில் 4 வயதுப் பேரன் இருக்கிறான். எதை வாங்கலாம்?

பதில்: மதிப்புக்குரிய ரீச்சர் அவர்களுக்கு,

நீங்கள் அனுப்பிய மூன்று தாள்களையும் கவனமாகப் படித்தேன். மூன்றிலும் பெரிய எழுத்தில் அச்சிட்டிருப்பவை மோட்டாரின் வலு, உச்ச வேகம், திரையின் அளவு ஆகியவைதான். உங்கள் இருவருக்கும் உண்மையில் தேவைப்படும் விபரங்கள் ஒன்றில் சிறிய எழுத்தில் இருக்கின்றன, அல்லது எழுதப்படவே இல்லை. ட்ரெட்மில் விற்பவர்கள் ஓடுகின்ற இளைஞரை மனதில் வைத்தே விளம்பரம் செய்கிறார்கள். எங்கள் பகுதியில் அதை வாங்குகிறவர்களில் பெரும்பாலோர் சீனியும் பிரஷரும் உள்ள, மெதுவாக நடக்கிற மூத்தவர்கள். இயன்மருத்துவராக வேலை செய்யும் எனக்கு இந்த இடைவெளி பெரிதாகத் தெரிவதால், சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

கடைக்குப் போகுமுன் ஐயாவின் காரியம் ஒன்று இருக்கிறது. ஸ்டென்ட் வைத்தவர், இன்சுலின் போடுகிறவர், கொஞ்சக் காலமாக நடக்காமல் இருந்தவர் என்ற மூன்றும் அவரிடம் சேர்ந்திருப்பதால், அவர் போகும் இருதயக் கிளினிக்கில் கொப்பியைக் காட்டி, வீட்டில் ட்ரெட்மில்லில் நடக்கலாமா, அதற்கு முன் ஈசிஜி வயர்களைப் பொருத்தி நடக்கவிட்டுப் பார்க்கும் சோதனை தேவையா என்று கேட்டுவிடுங்கள். அந்தச் சோதனையையும் ட்ரெட்மில்லில்தான் செய்வார்கள். 1963ஆம் ஆண்டு அமெரிக்க இருதய மருத்துவர் றொபேர்ட் புரூஸ் வெளியிட்ட முறையே இன்றும் பரவலாகப் பின்பற்றப்படுகிறது: மணிக்கு 2.7 கிலோமீற்றர் வேகத்தில், 10 வீதச் சாய்வில் தொடங்கி, 3 நிமிடத்துக்கு ஒரு தடவை வேகத்தையும் சாய்வையும் கூட்டிக்கொண்டு போவார்கள். நெஞ்சு இறுக்கம், மூச்சு முட்டல், நடக்கையில் தலைச்சுற்று போன்றவை அவருக்கு அண்மையில் இருந்திருந்தால், மருத்துவர் பார்க்கும்வரை இயந்திரம் வாங்குவதையே தள்ளிப்போடுங்கள்.

மருத்துவர் அனுமதி தந்த பிறகு நீங்கள் நடக்கப்போகும் வேகம் என்ன? உங்கள் முழங்காலுக்கும் ஐயாவின் இருதயத்துக்கும் மணிக்கு 2 கிலோமீற்றரில் தொடங்கி, சில மாதங்களில் 4 அல்லது 4.5 கிலோமீற்றர் வந்தால் அது மிக நல்ல முன்னேற்றம். உலக சுகாதார நிறுவனம் வளர்ந்தவர்களுக்குச் சொல்வது வாரத்துக்கு 150 முதல் 300 நிமிட மிதமான உடலுழைப்பு. அதை இந்த வேகத்திலேயே அடையலாம். ஆகவே 16, 18 கிலோமீற்றர் உச்ச வேகத்துக்கும் 15 வீதச் சாய்வுக்கும் கொடுக்கும் பணம் உங்களுக்குப் பயன்படாது. ட்ரெட்மில்லில் எப்போதும் 1 வீதச் சாய்வு வைக்க வேண்டும் என்று சிலர் சொல்வதைக் கேட்டிருப்பீர்கள். வெளியில் ஓடும்போது எதிர்ப்படும் காற்றை ஈடுசெய்வதற்காக, வேகமாக ஓடுகிறவர்களை வைத்துச் சொல்லப்பட்ட கணக்கு அது. நடப்பவர்கள் சமதளத்திலேயே நடக்கலாம்.

குதிரைவலு பற்றிக் கொழும்புக் கடைக்காரர் சொன்னதை ஒரு சிறிய கணக்கால் சோதிக்கலாம். ஒரு குதிரைவலு என்பது 746 வாற்று. 6 குதிரைவலு என்றால் ஏறத்தாழ 4,500 வாற்று. எங்கள் வீட்டின் 230 வோல்ற் மின்சாரத்தில் 13 அம்பியர் பிளக் ஒன்று தாங்கக்கூடியது ஏறத்தாழ 3,000 வாற்றுத்தான். சாதாரணப் பிளக்கில் பொருத்தும் இயந்திரம் ஒன்று 6 குதிரைவலுவைத் தொடர்ந்து தர வழியே இல்லை. அவர் சொல்வது ஒரு கணம் எட்டக்கூடிய உச்ச வலு. நீங்கள் கேட்க வேண்டியது தொடர் வலு, அதாவது அரை மணி நேரம், ஒரு மணி நேரம் இடைவிடாமல் மோட்டார் தரக்கூடிய வலு. நடைக்கு 1.5 முதல் 2 போதும். ஐயாவின் நிறைக்கு 2 அல்லது 2.5 இருந்தால் நிம்மதி. நகரக் கடையின் தாளில் தொடர் வலு 2 என்று தெளிவாகவே எழுதியிருக்கிறார்கள்.

மெதுவாகத்தானே நடக்கப்போகிறோம், சின்ன மோட்டாரே போதாதா என்று நீங்கள் எண்ணக்கூடும். சேற்று வயலில் இறங்கிய உழவு இயந்திரம் மெதுவாகப் போகும்போதே அதிகம் முக்குவதுபோல, நிறையுள்ள ஒருவர் மெதுவாக நடக்கும்போதுதான் ட்ரெட்மில் மோட்டார் அதிகம் சிரமப்படும். பாதம் பெல்ட்டில் நெடுநேரம் அழுந்தி நிற்பதால் பெல்ட்டுக்கும் அடிப்பலகைக்கும் இடையே உராய்வு கூடுகிறது; மோட்டார் மெல்லச் சுழல்வதால், அதே தண்டில் பொருத்தியிருக்கும் குளிர்விசிறியும் மெல்லச் சுழல்கிறது; சூடு உள்ளே தங்குகிறது. மோட்டாரும் அதைக் கட்டுப்படுத்தும் மின்சுற்றும் எரிந்துபோக இது முக்கிய காரணம். இதனாலேயே, தாளில் எழுதியிருக்கும் உச்ச நிறை உங்களில் கூடிய நிறையுள்ளவரைவிட 20, 25 கிலோவாவது அதிகமாக இருக்க வேண்டும் என்று சொல்கிறேன். 100 கிலோ என்று எழுதிய கல்முனை இயந்திரம் 92 கிலோ ஐயாவுக்கு மிகவும் நெருக்கம். நகரக் கடையில் உள்ளது 120 கிலோ.

இனி உங்கள் முழங்காலுக்கு வருவோம். மூட்டுத் தேய்வு இருந்தால் நடக்கவே கூடாது என்று யாராவது சொல்லியிருந்தால் அதை விட்டுவிடுங்கள். தொடைத் தசையைப் பலப்படுத்தும் பயிற்சியும் அளவான நடையும் முழங்கால் தேய்வுக்கான முதல்நிலைச் சிகிச்சையிலேயே அடங்குகின்றன. ஆனால் இயந்திரத்தில் ஏறி இறங்கும் அந்த ஒரு படி உங்களுக்கு நோவைத் தரலாம். நடக்கும் தளம் தரையிலிருந்து எத்தனை சென்ரிமீற்றர் உயரம் என்று அளந்து பாருங்கள். 15 சென்ரிமீற்றர் அளவில் இருந்தால் நல்லது. கொழும்பு இயந்திரத்தின் தளம் 24 சென்ரிமீற்றர், அது உங்கள் வீட்டுப் படியைவிட உயரமாக இருக்கக்கூடும். பெல்ட்டின் அகலம் 45 சென்ரிமீற்றருக்குக் குறையாமலும் நீளம் 120 சென்ரிமீற்றருக்குக் குறையாமலும் இருக்கட்டும். ஓடுகிறவர்களுக்கு 140, 150 சென்ரிமீற்றர் நீளம் வேண்டும். உங்களுக்கு நீளத்தைவிட அகலமே பாதுகாப்பு, ஏனென்றால் முழங்கால் நோவுள்ளவர்கள் கால்களைச் சற்று அகட்டி வைத்தே நடப்பார்கள்.

தொடக்க வேகம் எந்த விளம்பரத்திலும் வராத ஒன்று. பட்டனை அழுத்தியதும் பெல்ட் எந்த வேகத்தில் நகரத் தொடங்குகிறது என்பதையும், ஒரு தடவை அழுத்தினால் எவ்வளவு கூடுகிறது என்பதையும் பாருங்கள். 0.8 அல்லது 1 கிலோமீற்றரில் தொடங்கி 0.1 ஆகக் கூடுவதே உங்களுக்கு ஏற்றது. எடுத்த எடுப்பில் 2 கிலோமீற்றரில் நகரும் இயந்திரம் மூத்தவர்களைத் தடுமாற வைக்கும்.

கைபிடி விடயத்தில்தான் நகரக் கடை இயந்திரத்தில் எனக்குக் குறை தெரிகிறது. படத்தில் அதன் கைபிடிகள் முன்பக்கத்தில் ஒரு சாண் நீளத்துக்கே இருக்கின்றன. இருபுறமும் உங்கள் இடுப்புக்கு நேரே வரும்வரை நீண்ட கைபிடி உள்ளதை அதே கடையில் கேளுங்கள். சில நிறுவனங்கள் நடைப் பயிற்சிக்கென்றே அப்படி ஒரு மாதிரியைத் தயாரிக்கின்றன. எங்கள் பக்கம் திடீரென்று கரண்ட் போவது புதிதல்ல. பெல்ட் சட்டென நிற்கும் அந்த நொடியில் கைக்கு எட்டும் இடத்தில் பிடி இருக்க வேண்டும். மேசைக்கடியில் தள்ளி வைக்கும், கைபிடியே இல்லாத மெல்லிய நடைப்பலகைகளை இக்காரணத்தால் உங்களுக்குப் பரிந்துரைக்க மாட்டேன். மோட்டார் இல்லாமல் காலால் தள்ளி நகர்த்தும் மலிவான வகையும் வேண்டாம். பெல்ட்டைத் தள்ளுவதற்காக முன்னால் சாய்ந்து கைபிடியில் தொங்க வேண்டியிருக்கும், முழங்காலும் இடுப்பும் அதன் விலையைக் கொடுக்கும்.

கல்முனை இயந்திரத்தின் விலை கவர்ச்சியாக இருப்பதை அறிவேன். பாவித்த பொருள் எல்லாமே கெட்டது என்று நான் சொல்லவில்லை. ஆனால் அந்த வீடு கடற்கரையோரம் என்று எழுதியிருக்கிறீர்கள். உப்புக் காற்று ஆணிகளையும் உருளைகளின் பேரிங்குகளையும் மின்சுற்றின் இணைப்புகளையும் வெளியில் தெரியாமல் அரிக்கும். அடிப்பலகை பெரும்பாலும் அழுத்தி ஒட்டிய மரத்தூள் பலகைதான்; ஈரம் பட்டால் ஊதும். நவம்பர், டிசம்பர் வெள்ளத்தில் வீட்டுக்குள் தண்ணீர் வந்ததா என்று வெட்கப்படாமல் கேளுங்கள். போய்ப் பார்ப்பதானால், பிளக்கைக் கழற்றிவிட்டு பெல்ட்டின் ஓரத்தைத் தூக்கி, பலகையின் நடுப்பகுதியை விரலால் தடவிப் பாருங்கள்: வழுவழுப்பாக இருக்க வேண்டும்; குழி விழுந்தோ சொரசொரத்தோ இருந்தால் அதன் ஆயுள் முடியப்போகிறது. பிறகு ஐயா ஏறி 10 நிமிடம் நடக்கட்டும். பாதம் ஊன்றும்போது பெல்ட் தயங்கினாலோ, கருகல் மணம் வந்தாலோ விட்டுவிடுங்கள். உச்ச நிறையே நெருக்கமாக இருப்பதால், இவற்றில் எல்லாம் அது தேறினாலும் நான் அதை எடுக்கச் சொல்ல மாட்டேன்.

வீட்டில் எங்கே வைப்பது என்பதை வாங்குமுன்னரே முடிவு செய்ய வேண்டும். இயந்திரம் ஐந்தரை அடி நீளம். அதன் பின்னால் ஆறரை அடியும் பக்கங்களில் ஒன்றரை அடியும் வெறுமையாக இருக்க வேண்டும். தடுமாறி விழுகிறவரைப் பெல்ட் பின்னால் தள்ளும். பின்னால் சுவர் இருந்தால் அவர் சுவருக்கும் ஓடும் பெல்ட்டுக்கும் நடுவில் சிக்கிக்கொள்வார், தோல் உரிந்துபோகும். ஆக, 12 அடி நீளமான இடம் வேண்டும். மடித்து வைக்கலாம் என்பது நடக்காத நேரத்துக்கு மட்டுமே உதவும். கடல் பக்கம் திறந்த விறாந்தை வேண்டாம், உள்அறையே நல்லது. ஆனால் கச்சான் வீசும் மாதங்களில் உள்அறை வெந்துபோகும், வெயில் நேர நடை இருதயத்துக்குப் பாரம். விடியலில் நடங்கள், யன்னலைத் திறந்து முன்னால் ஒரு மின்விசிறி வையுங்கள்.

மின்சாரத்தைப் பற்றிச் சுருக்கமாக: உங்கள் வீடு பழையது என்றால், ஏர்த் சரியாக இருக்கிறதா, ட்ரிப் சுவிட்ச் வேலை செய்கிறதா என்று மின்னியலாளர் ஒருவரைக் கொண்டு பார்ப்பியுங்கள். இயந்திரத்தை நேரே சுவர்ப் பிளக்கில் பொருத்துங்கள். மெல்லிய எக்ஸ்டென்சன் வயர் சூடாகும். இடி மின்னல் நாட்களில் பிளக்கைக் கழற்றிவிடுங்கள். நடை வேகத்தில் அரை மணிக்குக் கால் அலகு அளவில் மின்சாரம் செலவாகும், இருவரும் நடந்தால் மாதத்துக்கு ஏறத்தாழ 15 அலகு. பெரிய தொகை அல்ல. ஆனால் உங்கள் பாவனை இப்போதே கட்டணம் கூடும் அலகு எல்லை ஒன்றுக்குச் சற்றுக் கீழே நின்றால், எல்லையைத் தாண்டும்போது பில் எதிர்பார்த்ததைவிடக் கூடும்.

பேரனைப் பற்றி நீங்கள் ஒரு வரியில் எழுதியிருந்தீர்கள். எனக்கு இந்தக் கடிதத்தில் மிகவும் கவலை தந்த வரி அதுதான். சுழலும் பெல்ட் பின் உருளைக்குள் நுழையும் இடம் பிள்ளையின் உள்ளங்கை உயரத்தில் இருக்கிறது. அங்கே கை பட்டால் உராய்வினால் தோல் ஆழமாக எரியும்; ஆறும்போது தழும்பு இறுகி விரல்களை மடக்கி இழுக்கும்; பல மாதப் பயிற்சியும் சில வேளை தோல் ஒட்டும் சத்திரசிகிச்சையும் தேவைப்படும். 2021ஆம் ஆண்டு அமெரிக்காவில் பெலோட்டன் நிறுவனம் தன் ட்ரெட்மில் மாதிரியொன்றில் விற்றிருந்த ஏறத்தாழ 125,000 இயந்திரங்களைத் திருப்பி எடுத்தது. ஒரு பிள்ளை அதன் அடியில் இழுக்கப்பட்டு இறந்ததும் அதற்குக் காரணங்களில் ஒன்று. ஆகவே நீங்கள் நடக்கும்போது அறைக் கதவு தாழிட்டிருக்கட்டும். இறங்கியதும், கழன்றால் பெல்ட்டை நிறுத்திவிடும் சேஃப்டி கீயைக் கழற்றி, பேரனுக்கு எட்டாத அலுமாரித் தட்டில் வையுங்கள், பிளக்கையும் கழற்றுங்கள். அந்தக் கீ இல்லாமல் பெல்ட் நகரக்கூடாது. இதைக் கடையிலேயே சோதித்துப் பாருங்கள். நடக்கும்போது அதன் கயிற்றை உங்கள் உடுப்பில் கொளுவ வேண்டும், சேலைத் தலைப்பு பெல்ட்டைத் தொடாமல் செருகியிருக்க வேண்டும்.

கொழும்பு இயந்திரத்தை நான் தள்ளிவைப்பதற்கு அதன் தள உயரத்தோடு இன்னொரு காரணமும் உண்டு. 110 கிலோ எடையுள்ள அது பழுதானால் அதைத் திருப்பி ஏற்றி அனுப்ப உங்களால் முடியாது. அங்கிருந்து திருத்துநர் களுவாஞ்சிகுடிக்கு எப்போது வருவார் என்றும் தெரியாது. நகரக் கடையில் உத்தரவாதத்தை எழுத்தில் வாங்குங்கள்: மோட்டாருக்கு எத்தனை வருடம், மின்சுற்றுக்கு எத்தனை வருடம், பெல்ட் கையிருப்பில் இருக்கிறதா, திருத்துநர் வீட்டுக்கு வருவாரா, வரும் செலவு யாருடையது. சட்டகத்துக்கு 10 வருட உத்தரவாதம் என்பதைக் கண்டு மயங்க வேண்டாம், சட்டகம் பழுதாவதில்லை. மகன் அனுப்பிய பணம் முழுவதையும் இயந்திரத்திலேயே போடாமல், நல்ல சப்பாத்து இரண்டு சோடிக்கும் ஏர்த் வேலைக்கும் முதல் வருடத் திருத்தச் செலவுக்கும் ஒரு பங்கை ஒதுக்கி வையுங்கள்.

வாங்கிய பின் பெல்ட்டுக்கு அடியில் சிலிக்கன் எண்ணெய் மட்டுமே இட வேண்டும். தையல் மெஷின் எண்ணெய், தேங்காயெண்ணெய் எதுவும் கூடாது; அவை பெல்ட்டைக் கெடுக்கும், தூசியைப் பிடிக்கும். எத்தனை மாதத்துக்கு ஒரு தடவை என்பது கையேட்டில் இருக்கும். பெல்ட் ஒரு பக்கம் ஒதுங்கினால் பின்னாலுள்ள ஆணியை ஒரு நேரத்தில் கால் சுற்று மட்டும் திருப்புங்கள். மூடி வைப்பதற்குப் பருத்தித் துணி நல்லது. பிளாஸ்திக் உறை ஈரத்தை உள்ளே அடைத்துவிடும்.

முதல் இரண்டு வாரங்கள் இருவரும் ஒரு தடவைக்கு 10 நிமிடம் நடந்தால் போதும். பக்கத் தட்டுகளில் நின்று, பிடியைப் பிடித்துக்கொண்டு, பெல்ட் மெல்ல நகரத் தொடங்கிய பின் காலை வையுங்கள். குனிந்து பாதத்தைப் பார்க்காமல் நேரே பாருங்கள். வீட்டுக்குள் வெறுங்காலோடு இருப்பது எங்கள் வழக்கமானாலும், ட்ரெட்மில்லில் சப்பாத்தும் காலுறையும் கட்டாயம். சீனி வருத்தத்தில் பாதத்தின் உணர்ச்சி குறைந்திருந்தால், பெல்ட் தேய்த்த கொப்புளம் புண்ணான பிறகுதான் தெரியவரும். கைபிடியிலுள்ள நாடித்துடிப்புக் கருவியை ஐயா நம்ப வேண்டாம். ஸ்டென்ட் வைத்தவர்களுக்குக் கொடுக்கும் பிஸோப்ரோலோல், அட்டெனோலோல் போன்ற குளிசைகள் துடிப்பைக் கூடவிடாமல் வைத்திருக்கும். நடந்துகொண்டே உங்களோடு கதைக்க முடிகிறது, ஆனால் பாட முடியவில்லை என்றால் அதுவே சரியான வேகம். நடக்கவிருக்கும் நேரத்துக்கு முன்னைய ஊசியைத் தொடையில் போடாமல் வயிற்றில் போடட்டும். உழைக்கும் தசைக்கு அருகே போட்ட இன்சுலின் விரைவாக இரத்தத்தில் சேரும். சீனி அளவு 100க்குக் கீழே இருந்தால் ஏதாவது சாப்பிட்ட பிறகே ஏற வேண்டும். 250க்கு மேல் இருந்து உடம்பும் சுகமில்லை என்றால் அன்று ஓய்வு. 3 தேக்கரண்டி சீனி கரைத்த தண்ணீர்ப் போத்தல் ஒன்று கைக்கெட்டும் தூரத்தில் எப்போதும் இருக்கட்டும். முடிக்கும்போது 3, 4 நிமிடம் வேகத்தைக் குறைத்துக்கொண்டே வந்து, பெல்ட் முற்றாக நின்ற பின்னும் அரை நிமிடம் பிடியைப் பிடித்தபடி நின்று இறங்குங்கள். தரை நகர்வதுபோல் தோன்றுவது இயல்பு, அது அதற்குள் அடங்கிவிடும்.

கடைக்குப் போகும் நாளில் இருவருமே சப்பாத்து அணிந்து போங்கள். நீண்ட கைபிடியுள்ள மாதிரி ஒன்றில் நீங்கள் 5 நிமிடமும் ஐயா 10 நிமிடமும் நடந்து பார்த்து, ஏறி இறங்குவதில் உங்கள் முழங்கால் என்ன சொல்கிறது என்று கவனித்த பின்னரே முற்பணம் கொடுங்கள். நடந்து பார்க்க விடமாட்டோம் என்று கடைக்காரர் சொன்னால், விலை எவ்வளவு குறைவாக இருந்தாலும் அந்தக் கடையில் வாங்க வேண்டாம்.